தோட்டத்து மணியை வேகமாக்கினேன்

ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு அதே இரண்டு நிமிடத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அலோர் காஜாவிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில் எட்டு வருடமாக நான் செய்துவருவது இதுதான். கண்ணை மூடினால் ஒரு படம், காதை மூடினால் வேறொரு படம். இரண்டும் ஒன்றையே சொன்னால் எனக்குச் சலிப்பு வந்துவிடும். கண்ணுக்கு வெறும் சாலை தெரிகிறது, காதில் யாரோ மூச்சு வாங்க ஓடி வருவது கேட்கிறது என்றால் உடனே ‘யார் அது?’ என்று தோன்றும். அப்படித் தோன்றிவிட்டால் நாம் படத்துக்குள் போய்விட்டோம்.

தெங்கேராவில் துணிக்கடைக்கு மேலே இருக்கும் இந்த ஒலிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். மாதக் கடைசியில் நான் கோலாலம்பூருக்குப் போகிறேன். இந்த மேசை இனி உங்களுடையது. மென்பொருள் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள். அதனால், வேகமாகச் செய்து நான் மாட்டிக்கொண்ட ஒரு சம்பவத்தை மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் படிவத்தை, அதாவது பதினோராம் வகுப்பை, முடித்த முதல் ஆள் நான். அப்பா சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகையாளரிடம் குழாய்களுக்குச் சாயம் பூசினார். அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவினார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஒலிப்பதிவில் நான் வாங்கிய டிப்ளோமாவை அப்பா சாமிப் படங்களோடு சேர்த்து மாட்டினார். தீபாராதனையின்போது அதற்கும் சூடம் காட்டுவார். எனக்கு அதில் கூச்சம் ஒன்றும் இல்லை. பெருமைதான், இன்றைக்கும். ஆனால் அந்தப் பெருமை ஒரு கெட்ட காரியமும் செய்தது. அடுத்தவரிடம் ‘ஏன்?’ என்று கேட்க விடாமல் என்னைத் தடுத்தது.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம் பிரபா அண்ணன் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார். உங்களுக்கு அவரைத் தெரியும். மாடிப்படி ஏறும்போதே கதை சொல்ல ஆரம்பிப்பவர். பகலில் இரும்புச் சாமான் கடையில் வேலை, விடுமுறையில் படம். அதற்கு முன் இரண்டு படங்களைத் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொண்டுபோய், இரண்டும் திரும்பி வந்திருந்தன. தேர்வு செய்யும் அதிகாரி ஓர் அம்மையார். முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடுவார் என்று பேர். “இதுவும் இல்லேன்னா கேமராவ வித்துடறேன்னு வீட்ல சொல்லிட்டேன்மா” என்றார் பிரபா அண்ணன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளம்பரத்துக்காகக் கேமராவைப் புகைப்படம் எடுத்துக்கூட வைத்திருந்தார்.

கதை எளிமையானது. தோட்டத்துப் பெண் ஒருத்தி சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் தொழில்நுட்ப வேலைக்குப் போகும் முதல் நாள். விடியற்காலையில் ஆரம்பித்து மாலையில் முடிந்துவிடும். தலைக்குப் பொருந்தாத பாதுகாப்புத் தொப்பி, தப்பான பஸ் என்று சிரிக்க நிறைய இடம் உண்டு. கடைசியில் அவள் சம்பளப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவோடு தேத்தண்ணி குடிப்பாள். அவ்வளவுதான்.

படப்பிடிப்பு அலோர் காஜாவுக்கு உள்ளே தள்ளியிருக்கும், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அது பள்ளமான இடம். கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. அதனால் அங்கே இன்றைக்கும் மணிதான். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. காவலுக்கு இருக்கும் ராமையா அங்கிள் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். படம் அந்த மணியோடு தொடங்க வேண்டும் என்பது என் யோசனை. திரை முழுக்கக் கறுப்பு, மணிச் சத்தம் மட்டும். பிறகு வானத்திலிருந்து டிரோன் காட்சி.

ஒரு விடியற்காலையில் பதிவு செய்யப் போனேன். அங்கிள் அடித்தார். டங்... ஒரு மூச்சு விடும் இடைவெளி... டங்... மறுபடி இடைவெளி. ஐந்து அடி. எனக்குத் தூக்கம் வந்தது.

“அங்கிள், இன்னும் கொஞ்சம் பலமா? நிறுத்தாம, வேகமா அடிங்களேன்.”

“அப்படிலாம் அடிக்க மாட்டோம்லா.”

“படத்துக்குத்தான் அங்கிள்.”

“எதுக்கா இருந்தாலும்தான்.” கம்பியைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேமராவைப் பார்த்துக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அதைவிட மோசமாகவும் நினைத்தேன்: இவருக்கு ஒலியைப் பற்றி என்ன தெரியும், என்னிடம் இருக்கிற கணினிக்கு இவர் எதற்கு?

அன்று மாலையே அந்த ஐந்து அடியை வெட்டி, ஒட்டி, இடைவெளிகளை எடுத்துவிட்டு, இருபத்திரண்டு அடியாக்கினேன். போகப்போகச் சத்தம் ஏறும். கறுப்புத் திரையில் அதைக் கேட்டபோது எனக்கே முடி சிலிர்த்தது. நான்காவது தடவை போட்டபோது கீழே துணிக்கடை வைத்திருக்கும் பாய், தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார்.

“என்னம்மா, எங்கே பத்திக்கிச்சு?”

“படம் பாய்!”

“படமா? என் நெஞ்சே நின்னு போச்சு!”

இதைவிட நல்ல பாராட்டு வேறு என்ன வேண்டும் என்று நான் சிரித்தேன்.

தோட்டத்து மக்கள் வீடு கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், நடித்தும் கொடுத்தார்கள். நிலையத்துக்கு அனுப்புமுன் உங்களுக்குத்தான் முதலில் காட்டுவோம் என்று பிரபா அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படத்தோடு கோலாலம்பூர் நிலையத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு பிற்பகல் கோயில் மண்டபத்தில் திரையிட்டோம். ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தோம். அறுபது பேர் இருக்கும். நாயகியின் அம்மாவாக நடித்த லெட்சுமி அக்கா, அந்தத் தோட்டத்திலேயே உரம் போடும் வேலை செய்பவர், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். “என் மூஞ்சி பெருசா தெரியுமா?” என்று மூன்று தடவை கேட்டார்.

விளக்கை அணைத்தோம். திரை கறுப்பு. மணி.

நான் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். ஐந்தாவது அடியில் முன் வரிசையில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். பார்த்தாயா, எப்படிப் பிடிக்கிறது என்று மனசுக்குள் குதித்தேன். “ஐயோ, யாருக்கு?” என்றது ஒரு குரல். கதவோரம் நின்ற ஆண்கள் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பச்சைச் சேலை என்னை இடித்துத் தள்ளிவிட்டு, செருப்பில்லாமல், மேட்டுப் பாதையில் ஓடியது.

“படம்லா! படத்து மணி! உட்காருங்க!” ராமையா அங்கிள் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அவசர அவசரமாக நிறுத்தினோம். இடைவிடாமல் அடித்தால் யாருக்கோ அடிபட்டுவிட்டது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வா என்று அர்த்தம். அந்தத் தோட்டத்தில் குழந்தைக்குக்கூட அது தெரியும். லெட்சுமி அக்காவின் மகன் டிராக்டர் ஓட்டுகிறான். ஞாயிறானாலும் அன்று மேட்டில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தான். அவனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அக்கா திரும்பி வந்தார். பாதமெல்லாம் செம்மண்.

படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டோம். நான் அதிகம் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். இப்போது எல்லாருக்கும் அது படத்து மணி என்று தெரியும். இருந்தும் யாரும் சிரிக்கவில்லை. தொப்பி கண்ணை மறைத்து அவள் கதவில் மோதும் இடத்தில், ஒரு பெரியவர் “ச்சோ” என்றார். அவள் ஏணியில் ஏறியபோது பின்னாலிருந்து ஒரு பெண், “பாத்து, பாத்து” என்றாள். தப்பான பஸ்ஸில் ஏறியபோது மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒன்றரை மணி நேரமும் எதற்கோ காத்திருந்தார்கள். கடைசியில் அம்மாவும் மகளும் தேத்தண்ணி குடித்தார்கள். விளக்குப் போட்டோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

ஓர் ஆன்ட்டி மெதுவாகக் கேட்டார். “அப்போ யாரும்மா செத்தது?”

“யாரும் சாகல ஆன்ட்டி.”

“பின்னே மணி ஏன் அப்படி அடிச்சீங்க?”

படத்தின் முதல் சத்தம் என்பது ஒரு வாக்குறுதி. இப்படிப்பட்ட கதை வரப்போகிறது, இப்படி உட்கார்ந்து பார் என்று பார்க்கிறவரிடம் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பின்னால் எவ்வளவு நல்ல காட்சி வந்தாலும், அவர் அந்த வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார். நான் ஒரு சாவைச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியில் வேனில் சண்டை.

“அறுபது பேருக்குத்தான்மா அந்த மணி தெரியும்” என்றார் பிரபா அண்ணன். “டிவியில பாக்கற ஆளுங்களுக்குத் தெரியுமா? படத்த செலக்ட் பண்ற அந்த மேடத்துக்குத் தெரியுமா? அவங்க ஏசி ரூம்ல உக்காந்து பாக்கறவங்க. மெதுவா அடிச்சா கொட்டாவிதான் விடுவாங்க.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அலோர் காஜா வரும்வரை பாய் மாடி ஏறி வந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். “அண்ணா, பாய் ஏன் தீ அணைக்க ஓடி வந்தாரு? அவரு எந்தத் தோட்டத்துல பொறந்தாரு?”

அண்ணன் கியரை மாற்றினார். நான் விடவில்லை. “அர்த்தம் தெரியாதவருக்கும் அது ஆபத்துன்னுதான் கேக்குது. மேடமும் ஆபத்துக்குத்தான் காத்திருப்பாங்க. வராது. பத்து நிமிஷத்துல கோபம்தான் வரும்.”

“செவ்வாய்க்கெழம ராத்திரிக்குள்ள முடியுமா?”

“முடியும்.”

“மாத்து. ஆனா மொத நிமிஷத்துல அவங்க தூங்கிட்டாங்கன்னா, என் வீட்டுக்கு வந்து நீதான் சொல்லணும்.”

நிலைமை இதுதான். வேகமான மணி பொய், ஆனால் ஆளை நிமிரவைக்கும். மெதுவான மணி உண்மை, ஆனால் தூங்கவைக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதருடைய கேமரா விற்பனைக்குப் போகுமா போகாதா என்று நான் முடிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் கணினி முன்னால் உட்காராதீர்கள். அது நீங்கள் ஏற்கெனவே பதிவு செய்ததைத்தான் திருப்பித் தரும்.

திங்கட்கிழமை விடியுமுன் தோட்டத்துக்குப் போனேன். முதலில் லெட்சுமி அக்கா வீடு. மன்னிப்புக் கேட்க வாய் திறக்குமுன் அவரே சொன்னார். “நடிக்கறப்ப கண்ணுல தண்ணி வரலேன்னு அந்தப் பிரபா என்னை எத்தன தடவ திட்டுனாரு? நேத்து வந்துச்சு பாரு, ஆறா வந்துச்சு. அப்ப எங்க போச்சு உன் கேமரா?”

“தப்பு என்னோடதுதான்கா.”

“தெரியும். உள்ள வா. காலையில வாசல்ல நிக்காத.”

பெரட்டுக் களத்தில் ராமையா அங்கிள் கம்பியோடு நின்றார்.

“அங்கிள், அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, அப்படி அடிச்சா என்ன அர்த்தம்னு?”

“முடியாதுன்னேன்ல? ஏன்னு நீ ஒரு வார்த்த கேட்டியா?” என்றார். பிறகு, “மைக்க அந்தப் பக்கம் வை. இங்க வெச்சா என் இருமல்தான் விழும்” என்றார்.

மணியின் கீழே ஒரு மைக், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தின் நடுவில் ஒன்று, லெட்சுமி அக்கா அடுப்படியில் ஒன்று. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தேன்.

டங்.

அன்றைக்கு நான் வெட்டி எறிந்தேனே, அந்த இடைவெளி, அது காலியாக இல்லை. முதல் அடிக்குப் பிறகு ஒரு நாய் எழுந்து உடம்பை உதறியது. இரண்டாவதுக்குப் பிறகு எங்கோ குழாய் திறந்து, பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் விழுந்தது. மூன்றாவதில் ஒரு தாழ்ப்பாள். நான்காவதில் யாரோ யாரையோ “எந்திரிலா” என்று அதட்டினார்கள். ஐந்தாவது முடிந்ததும் மோட்டார் சைக்கிள் ஒன்று உதைபட்டு, இருமி, கிளம்பியது. மணியை மட்டும் கேட்டபோது அது சலிப்பாக இருந்தது. மணி எழுப்பிவிட்ட தோட்டத்தைக் கேட்டபோது ஒவ்வோர் அடிக்குப் பின்னாலும் ‘அடுத்து யார்?’ என்று தோன்றியது. இவ்வளவையும் அன்றே பதிவு செய்திருந்தேன். சத்தம் அசுத்தமாக இருக்கிறது என்று துடைத்ததும் நான்தான்.

சத்தம் கிடைத்துவிட்டது. படத்துக்கு என்ன செய்வது? டிரோன் காட்சியை வைத்துப் பார்த்தேன். வானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தாழ்ப்பாள் சத்தம் எப்படிக் கேட்கும்? எடுத்துவிட்டேன். “அதுக்காக மூணு நாள் மழை விடுமான்னு காத்துக் கிடந்தேன்மா” என்று பிரபா அண்ணன் நிஜமாகவே வருந்தினார். வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டுகளை எல்லாம் தேடினேன். அதில் ஒன்று: நாயகி வேலைக்குப் போகும் சட்டையை இஸ்திரி போடுகிறாள். அவள் முகம் தெரியாது, கையும் சட்டையும், பின்னால் மங்கலாக அம்மாவும் கதவும் மட்டும். பாதியில் கை நிற்கிறது. ‘கட்’ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து அந்தப் பெண் நிறுத்தியிருக்கிறாள். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தேய்க்கிறாள். அதனால்தான் அது ஒதுக்கப்பட்டது.

அதை எடுத்து மணிக்குக் கீழே வைத்தேன். கறுப்புத் திரை. நான்கு அடி, நான்கு வீட்டுச் சத்தம். பிறகு படம் திறக்கிறது: மங்கலான மஞ்சள் விளக்கு, இஸ்திரிப் பெட்டி, கை. ஐந்தாவது அடி. கை நிற்கிறது. பின்னால், குவியத்துக்கு வெளியே, அம்மா வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போகிறார். கை மறுபடி தேய்க்கிறது.

அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டை எழுப்பிய மணி இன்று முதல் அவளுக்கு இல்லை. இதைச் சொல்ல எங்களிடம் ஒரு பக்கத்துக்கு வசனம் இருந்தது. பிரபா அண்ணன் அந்தத் துண்டை மூன்று தடவை பார்த்துவிட்டு, வசனத்தை அவரே எடுக்கச் சொன்னார்.

புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேடம் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டே, “போடுங்க, பத்து மணிக்கு எனக்கு மீட்டிங்” என்றார். கறுப்புத் திரை. முதல் அடி. அவர் நிமிரவில்லை. நாய். இரண்டாவது அடி. தண்ணீர். நிமிரவில்லை. பிரபா அண்ணன் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வேகமான மணியே இருந்திருக்கலாமோ என்று அந்த நொடியில் நானும் நினைத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். மூன்றாவது அடி. தாழ்ப்பாள். மேடம் தட்டுவதை நிறுத்தினார். கண் இன்னும் கைப்பேசியில்தான், ஆனால் விரல் அசையவில்லை. நான்காவதில் ஒலிப்பெருக்கியின் சத்தத்தை அவரே கூட்டினார்.

கை நின்றது. அம்மா கதவைத் திறந்து போனார். கை தேய்த்தது.

“அந்தப் பொண்ணு ஏன் கைய நிறுத்துச்சு?” என்று மேடம் கேட்டார்.

பிரபா அண்ணன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் அவர் காலை நன்றாக மிதித்தேன். வாய் மூடிக்கொண்டது. மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். பதில் வராது என்று தெரிந்ததும் திரையின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு எழுத்தர் பெண் வந்து கதவைத் தட்டினாள். “செகெஜாப்” என்று, ஒரு நிமிடம் பொறு என்பதுபோலக் கையை மட்டும் காட்டினார். இரண்டாவது தடவை அவள் வந்தபோது தொப்பி கண்ணை மறைத்து நாயகி கதவில் மோதிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்தர் பெண் வாசலிலேயே நின்று சிரித்துவிட்டாள். “உக்காரு, உக்காந்து பாரு” என்றார் மேடம்.

ஏற்றுக்கொண்ட கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. பிரபா அண்ணன் அதற்குக் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானம் வேனைக் கிளப்பி நெடுஞ்சாலையில் ஏறிய உடனே அடுத்த படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கதாநாயகன் யார், வில்லன் யார், எங்கே சண்டை என்று போய்க்கொண்டே இருந்தது.

நடுவில் நிறுத்திக் கேட்டேன். “அண்ணா, மொத சத்தம் என்ன?”

அவர் ஜன்னலை இறக்கிவிட்டு, சிரம்பான் வரைக்கும் வெளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.